செல் பிளாஸ்டிக்கைத் தொடுவதில்லை

செல் வளர்ப்பு கற்றுக்கொள்ள வரும் மாணவர்களிடம் முதல் நாளே இரண்டு தட்டுகளைக் கொடுப்பது என் வழக்கம். இரண்டும் கண்ணாடி போலத் தெளிந்த பாலிஸ்டைரீன் தட்டுகள். ஒன்று பாக்டீரியா வளர்க்கும் சாதாரணப் பெட்ரி தட்டு. மற்றது செல் வளர்ப்புக்கென்றே தயாரிக்கப்பட்டது, விலையும் கூடுதல். எது எதுவென்று பார்த்தும் சொல்ல முடியாது, தடவியும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடச் சொல்வேன். முதல் தட்டில் சொட்டு குவிந்து, பாதியாக அறுத்த முத்தைப் போல நிற்கும். இரண்டாவதில் அதே சொட்டு ஓரம் தாழ்ந்து படரும். இந்த வேறுபாட்டை அளக்கும் முறைக்குத் தொடுகோணம் என்று பெயர். சொட்டின் விளிம்பு தட்டோடு உண்டாக்கும் கோணம் அது. சாதாரணப் பாலிஸ்டைரீனில் அது ஏறக்குறைய 90 பாகை. செல் வளர்ப்புத் தட்டில் பெரும்பாலும் 60 பாகையை ஒட்டி இருக்கும்.

முப்பது பாகை சாய்வு என்பது கேட்பதற்குச் சிறியது. ஆனால் நம் தோலிலிருந்தோ சிறுநீரகத்திலிருந்தோ எடுத்த செல் ஒன்று அந்தத் தட்டில் வாழுமா, சாகுமா என்பதை அதுவே தீர்மானித்துவிடலாம். அது ஏன் என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் பாலிஸ்டைரீன். இது நமக்குப் பழக்கமான பொருள்தான். பெட்டிக்குள் டிவி உடையாமல் இருக்க வைக்கும் வெள்ளைத் தெர்மோகோல், வாயுவால் பொங்கவைத்த பாலிஸ்டைரீன். காற்றில்லாமல் வார்த்தால் அதுவே கண்ணாடியைப் போலத் தெளிவாகிவிடும். நுண்ணோக்கியில் பார்க்க வசதி, மலிவு, வார்ப்பதும் எளிது. அதனால்தான் ஆய்வகங்களில் கண்ணாடியின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. ஆனால் அதன் மூலக்கூறில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உண்டு. தண்ணீர் பற்றிக்கொள்வதற்கு ஒரு ஆக்சிஜன்கூட அதில் இல்லை. சொட்டு ஒதுங்கி நிற்பது அதனால்தான்.

அடுத்து செல். இரத்தத்தில் மிதக்கும் செல்களை விட்டுவிட்டால், நம் உடலின் பெரும்பாலான செல்கள் எதையாவது பற்றிக்கொண்டுதான் வாழ்கின்றன. பற்றுதல் அவற்றுக்கு வசதிக்கான ஏற்பாடல்ல, உயிர்வாழ்வதற்கான அனுமதி. தோலையும் உறுப்புகளின் பரப்பையும் போர்த்தியிருக்கும் எபிதீலியச் செல் பிடிமானம் இழந்தால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் திட்டத்தைத் தொடங்கிவிடுகிறது. 1994இல் இந்தச் சாவுக்கு ‘அனாய்க்கிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ‘வீடற்ற நிலை’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அறிவியல் பெயர்களில் இவ்வளவு உருக்கமான இன்னொன்று என் நினைவுக்கு வரவில்லை. உடலுக்கு இது தேவையான கட்டுப்பாடு. தன் இடத்தை விட்டுப் பெயர்ந்த செல் வேறெங்கோ போய் வேர்விடக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டை மீறக் கற்றுக்கொண்ட செல்கள்தான் புற்றாகப் பரவுகின்றன.

ஆக, செல்லைத் தட்டில் வளர்க்க வேண்டுமானால் அது கால் ஊன்ற இடம் தர வேண்டும். மாணவனாக இருந்தபோது இதை ஒரு வாரத்தைப் பறிகொடுத்துக் கற்றேன். அலமாரியில் இரண்டு வகைத் தட்டுகளும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கப்பட்டிருந்தன. எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் இணைப்புத் திசு செல்களைத் தட்டுகளில் இட்டு, 37 டிகிரியில், 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு இருக்கும் இன்குபேட்டரில் வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் காலையில் நுண்ணோக்கியில் பார்த்தால், உருண்டை உருண்டையாகத் திரண்டு மிதக்கின்றன. தட்டை லேசாக அசைத்ததும் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கமாக நகர்ந்தன. ஊடகத்தை, அதாவது செல்களுக்கு உணவாகும் கரைசலை, மாற்றினேன். அதில் சேர்க்கும் சீரத்தை, அதாவது இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த நீர்மத்தை, வேறு வாங்கினேன். இன்குபேட்டரின் வெப்பத்தை வேறு தெர்மாமீட்டர் வைத்துச் சரிபார்த்தேன். தட்டின் உறையைப் படிக்க வேண்டும் என்று கடைசியாகத்தான் தோன்றியது. அதுவரை என் மனத்தில் தட்டு வெறும் பாத்திரம். அன்றைக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

விலை கூடுதலான அந்தத் தட்டுக்கு அப்படி என்னதான் செய்கிறார்கள்? பிளாஸ்மாவில் காட்டி எடுக்கிறார்கள். டியூப் லைட் எரியும்போது உள்ளே ஒளிர்வது பிளாஸ்மாதான். குறைந்த அழுத்தத்தில் இருக்கும் வாயுவின் ஊடே மின்சாரம் பாயும்போது எலக்ட்ரான்கள் கழன்று, வாயு மின்னூட்டம் பெற்று ஒளிரும். அதற்குள் பாலிஸ்டைரீன் தட்டை வைத்தால், விரைந்து வரும் துகள்கள் மேற்பரப்பில் இருக்கும் பிணைப்புகளை ஆங்காங்கே உடைக்கும். உடைந்த இடங்களில் ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ளும். ஹைட்ராக்சில், கார்பனைல், கார்பாக்சில் என்று வேதியியல் வகுப்பில் படித்த தொகுதிகள் எல்லாம் அங்கே முளைக்கும். தொழிற்சாலைகளில் வெற்றிடம் தேவைப்படாத கொரோனா மின்னிறக்க முறையும் உண்டு. இவை பரவுவதற்கு முன்பு சல்ஃப்யூரிக் அமிலத்தால் கழுவியே இதைச் சாதித்தவர்களும் இருந்தார்கள். எந்த வழியானாலும் மாற்றம் சில நானோமீட்டர் ஆழத்துக்கு மேல் போவதில்லை. நம் தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர் என்பதை நினைத்தால் அது எவ்வளவு மெல்லிய தோல் என்பது புரியும். அடியில் இருப்பது அதே பழைய பாலிஸ்டைரீன். அதன் வலிமையும் தெளிவும் துளியும் குறையவில்லை. மேற்பரப்பை மட்டும் மாற்றுவதன் அழகே இதில்தான் இருக்கிறது.

இவ்வளவு சொன்னதும் மாணவர்கள் வழக்கமாக ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். செல்லுக்குத் தண்ணீரை விரும்பும் பரப்பு பிடிக்கும், அவ்வளவுதானே என்பார்கள். அப்படியென்றால் தண்ணீரை இன்னும் அதிகமாக விரும்பும் பரப்பில் செல் இன்னும் நன்றாக வளர வேண்டும். பாலிஎதிலீன் கிளைகால் என்ற பாலிமரை, அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறை, தட்டில் நெருக்கமாக ஒட்டிப் பார்த்தால் நடப்பது நேர்மாறு. அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பொருள். ஆனால் அதன்மேல் செல் ஒட்டவே ஒட்டாது. எனவே கணக்கு வேறு எங்கோ இருக்கிறது.

எங்கே என்று தெரிந்துகொள்ள, செல்களை ஊற்றிய முதல் சில நிமிடங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். செல்கள் நீந்தும் ஊடகத்தில் சர்க்கரை, உப்புகள், அமினோ அமிலங்கள் இருக்கும். பெரும்பாலும் 10 விழுக்காடு கன்றுக்குட்டிக் கருவின் சீரமும் சேர்த்திருப்பார்கள். சீரம் முழுக்கப் புரதம். தட்டில் ஊற்றிய சில நொடிகளிலேயே புரத மூலக்கூறுகள் பரப்பில் படியத் தொடங்கிவிடும். செல் அவற்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது. அது மெதுவாகக் கீழே இறங்கி வந்து சேர நிமிடங்கள் பிடிக்கும். அது வருவதற்குள் தட்டு முழுவதும் புரதத்தாலான ஒரு பாய் விரிந்திருக்கும். செல் வந்து கால் வைப்பது அந்தப் பாயின்மீதுதான். அது பிளாஸ்டிக்கைத் தொடுவதே இல்லை.

இந்தத் துறையில் நான் கற்றவற்றுள் இதையே முதலாவதாக வைப்பேன். பாலிமர் மேற்பரப்பை நாம் எப்படி மாற்றினாலும் செல்லோடு நேரே பேசவில்லை. புரதத்தோடு பேசுகிறோம், புரதம் செல்லோடு பேசுகிறது.

பாயில் எந்தப் புரதம் இடம்பிடிக்கும் என்பது கல்யாணப் பந்தியைப் போன்றது. அல்புமின் சிறியது, சீரத்தில் எண்ணிக்கையிலும் அதிகம். அதனால் ஓடி வந்து முதலில் உட்கார்ந்துவிடும். பிறகு, எண்ணிக்கையில் குறைந்தாலும் பரப்போடு நெருங்கிய உறவுள்ள பெரிய புரதங்கள் வந்து சேரும். முதலில் உட்கார்ந்தவர்களில் சிலர் எழுந்து இடம் விட வேண்டியிருக்கும். இந்த இடமாற்றத்தை 1960களிலேயே கவனித்தவர் லியோ வ்ரோமன். நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் இரத்தத்தை ஆராய்ந்தவர், டச்சு மொழியில் புகழ்பெற்ற கவிஞரும்கூட. இடமாற்றத்துக்கு ‘வ்ரோமன் விளைவு’ என்றே பெயர்.

இப்போது நம் இரண்டு தட்டுகளுக்குத் திரும்பலாம். மாற்றம் செய்யாத பாலிஸ்டைரீனிலும் புரதம் படியத்தான் செய்கிறது, அதுவும் இறுக்கமாகவே படிகிறது. தண்ணீரை விலக்கும் பரப்பைக் கண்டதும் புரதம் தன் உள்மடிப்பை அவிழ்த்து, உள்ளே ஒளித்து வைத்திருந்த நீர்விலக்கும் பகுதிகளைப் பரப்போடு ஒட்டிக்கொண்டு சப்பையாகிவிடுகிறது. முதலில் வந்த அல்புமின் இப்படி ஒட்டிக்கொண்டால் பிறகு எழுந்திருக்காது. செல்லுக்குத் தேவையான புரதங்களுக்கு இடம் குறைந்துபோகிறது. கிடைத்த இடத்தில் உட்கார்ந்தாலும் முகம் கோணிப்போகிறது. பிளாஸ்மா பட்ட தட்டில் பிடி அவ்வளவு இறுக்கமில்லை. அல்புமின் நகர்ந்து இடம் விடுகிறது. விட்ரோநெக்டின், ஃபைப்ரோநெக்டின் என்னும் ஒட்டும் புரதங்கள் தம் வடிவம் பெரிதும் கெடாமல் அமர்கின்றன. சீரம் கலந்த ஊடகத்தில் இவ்விரண்டில் விட்ரோநெக்டினுக்கே பங்கு அதிகம். பாலிஎதிலீன் கிளைகால் பூசிய தட்டிலோ, தண்ணீர் மூலக்கூறுகள் அந்தச் சங்கிலிகளோடு நெருங்கிப் பிணைந்திருப்பதால் எந்தப் புரதமும் உட்கார இடம் கிடைப்பதில்லை. பாய் இல்லை, அதனால் செல்லும் இல்லை.

எல்லாச் செல்களும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்கள் சாதாரணப் பெட்ரி தட்டிலேயே நன்றாக ஒட்டும். பிறகு எளிதாகப் பெயர்த்தெடுக்கவும் முடியும் என்பதால் பலர் அவற்றை வேண்டுமென்றே அதில் வளர்க்கிறார்கள்.

சரி, புரதத்தின் முகம் கோணாமல் இருப்பது செல்லுக்கு எப்படித் தெரிகிறது? செல்லின் வெளிச்சவ்வில் இன்டெக்ரின் என்ற புரதங்கள் கைகளைப் போல நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை பாயைத் தடவித் தேடுவது மிகச் சிறிய ஒரு அடையாளத்தை. ஃபைப்ரோநெக்டின் இழை ஒவ்வொன்றிலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் இருக்கின்றன. அவற்றுள் அடுத்தடுத்து வரும் மூன்றே மூன்று, அதாவது ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம், செல் பற்றும் பிடியின் உயிர்நாடி என்பதை 1984இல் அமெரிக்காவில் மைக்கேல் பியர்ஷ்பாக்கரும் எர்க்கி ரூவோஸ்லாட்டியும் காட்டினார்கள். இன்டெக்ரின் ஆய்வுகளுக்காக ரூவோஸ்லாட்டி வேறு இருவரோடு சேர்ந்து 2022இல் லாஸ்கர் விருது பெற்றார். ஆயிரக்கணக்கான எழுத்துகள் உள்ள பக்கத்தில் மூன்றெழுத்துச் சொல் ஒன்றைத் தேடிப் பிடிப்பது போன்றது இன்டெக்ரினின் வேலை. அந்தச் சொல் மேலே தெரியும்படி புரதம் அமர்ந்திருந்தால் கை பற்றிக்கொள்ளும். கவிழ்ந்து கிடந்தால் அது அங்கே இருந்தும் பயனில்லை.

பற்றிக்கொண்ட பிறகு நடப்பதை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதலில் செல் உருண்டையாக, சுற்றிலும் வெளிச்ச வளையத்தோடு மின்னும். அரை மணி நேரத்துக்குள் ஒரு பக்கத்தில் மெல்லிய பாவாடை விளிம்பைப் போல ஏதோ நீளும். அது பின்வாங்கும், வேறு பக்கத்தில் நீளும். விளிம்பு பிடித்த இடங்களில் இன்டெக்ரின்கள் கூட்டமாகச் சேர, உள்ளே செல்லின் சட்டகமான ஆக்டின் இழைகள் கயிறுபோல இறுகும். செல் தன்னைத்தானே இழுத்து விரித்துக்கொள்ளும். சில மணி நேரத்தில் வெளிச்ச வளையம் மறைந்து, நட்சத்திரம் போலவோ மீன் போலவோ தட்டையாகப் படிந்து, ஊடுருவிப் பார்க்கும்படி மங்கிவிடும். புதியவர்கள் மின்னும் செல்தான் நலமாக இருக்கிறது என்று நினைப்பார்கள். ஃபைப்ரோபிளாஸ்ட் போன்ற ஒட்டி வாழும் செல்லுக்கு, தட்டில் இட்டுப் பல மணி நேரம் ஆன பிறகும் மின்னிக்கொண்டிருந்தால் அது கவலைக்குரிய அறிகுறி. பிரியும் நேரத்தில் மட்டும் நலமான செல்லும் உருண்டு மின்னும்.

மூன்றெழுத்துச் சொல் தெரிந்துவிட்டதால் ஒரு புதிய வழி திறந்தது. சீரத்தின் தயவில் காத்திருக்க வேண்டாம். முதலில் பாலிஎதிலீன் கிளைகாலால் பரப்பை முழுவதும் மௌனமாக்கிவிட்டு, அதன் நுனிகளில் அந்த மூன்று அமினோ அமிலங்களும் உள்ள சிறு புரதத் துண்டை (பெப்டைடு) மட்டும் வேதிப் பிணைப்பால் கட்டிவிடலாம். வேறெந்தக் குரலும் இல்லாத அறையில் ஒரே ஒரு சொல் ஒலிப்பது போல. செல் எதற்கு எப்படி மறுமொழி தருகிறது என்று குழப்பமில்லாமல் சோதிக்க இதைவிடத் தூய்மையான ஏற்பாடு கிடைப்பது அரிது. நரம்பு செல் வளர்ப்பவர்களுக்குப் பழைய எளிய வழி ஒன்றும் உண்டு. பாலிலைசின் என்ற நேர்மின்னூட்டமுள்ள பாலிமரைப் பூசிவிட்டால், எதிர்மின்னூட்டமுள்ள செல்சவ்வு அதை நாடிப் படியும்.

ஒட்டவைப்பது பாதிக் கதைதான். எவ்வளவு ஒட்டவிடுவது என்பதைக் கட்டுப்படுத்தினால் செல்லின் வளர்ச்சியையே கட்டுப்படுத்தலாம் என்பதை 1978இல் ஜூடா ஃபோக்மனும் ஆன் மொஸ்கோனாவும் மிக எளிய பொருள் ஒன்றை வைத்துக் காட்டினார்கள். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் செய்யும் பாலிமர் அது, பாலிஹெமா என்பார்கள். அதை ஆல்கஹாலில் கரைத்துத் தட்டில் ஊற்றி உலரவிட்டால் மெல்லிய படலமாகும். செல்லுக்கு அதில் பிடிமானம் குறைவு. கரைசலை நீர்க்கவைத்து ஊற்றிய தட்டில் படலம் மெல்லியதாக இருக்கும், செல் ஓரளவு விரியும். அடர்த்தியாக ஊற்றிய தட்டில் செல் உருண்டையாகவே நிற்கும். இப்படிப் படிப்படியாகச் செல்லின் உருவத்தைத் தட்டையிலிருந்து உருண்டை வரை மாற்றி, ஒவ்வொரு படியிலும் டிஎன்ஏ எவ்வளவு உருவாகிறது என்று அளந்தார்கள். செல் உருண்டையாக ஆக ஆக, டிஎன்ஏ உற்பத்தி குறைந்துகொண்டே போனது. ஊடகம் ஒன்று, உணவு ஒன்று, செல் ஒன்று. மாறியது உருவம் மட்டும். எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் இது ஒன்று. ஒரு பாட்டில் பாலிமர் கரைசலும் கொஞ்சம் ஆல்கஹாலும் கொண்டு, இவ்வளவு ஆழமான கேள்விக்கு விடை தேடியிருக்கிறார்கள்.

ஆனால் கூர்மையான வாசகர் இங்கே ஒன்று கேட்பார். விரிந்த செல் பரப்பை அதிகம் தொடுகிறது, உருண்ட செல் குறைவாகத் தொடுகிறது. வளர்ச்சியைத் தீர்மானித்தது உருவமா, தொட்ட பரப்பின் அளவா? இந்தக் கேள்விக்கு 1997இல் ஹார்வர்டில் விடை கிடைத்தது. கிறிஸ்டோபர் சென், டொனால்டு இங்பர், ஜார்ஜ் வைட்சைட்ஸ் ஆகியோரின் குழு அங்கே செய்தது, விவசாயி பாத்தி கட்டுவதைப் போன்ற வேலை. சிலிகோன் ரப்பரில் நுண்ணிய ஸ்டாம்ப் செய்து, பொன் பூசிய கண்ணாடியில் வட்டங்களாகவும் சதுரங்களாகவும் முத்திரை பதித்தார்கள். முத்திரை பட்ட இடத்தில் மட்டும் ஃபைப்ரோநெக்டின் படியும். மீதி இடத்தை எத்திலீன் கிளைகால் சங்கிலிகளால் மௌனமாக்கினார்கள். இரத்தக் குழாயின் உள்சுவரிலிருந்து வந்த செல்களை அதன்மேல் இட்டார்கள். பெரிய பாத்தியில் உட்கார்ந்த செல் விரிந்து பெருகியது. அதே செல் மிகச் சிறிய பாத்தியில் விரிய முடியாமல் சுருங்கி இறந்தது.

அடுத்து செய்ததுதான் நுட்பம். ஒரு பெரிய பாத்திக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு புள்ளிகளை இடைவெளி விட்டுப் பதித்தார்கள். செல் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கால் வைத்து, இடைவெளிகளைத் தாண்டி விரிந்து நின்றது. அது புரதத்தைத் தொட்ட மொத்தப் பரப்பு குறைவுதான், விரிந்த பரப்போ அதிகம். செல் பிழைத்துக்கொண்டது. அப்படியென்றால் தீர்மானித்தது தொட்ட அளவு அல்ல, விரிந்து நிற்க முடிந்ததா என்பதுதான். பின்னர் 2004இல் இதே வழியில், எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் குருத்தணுக்களை, அதாவது பல வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களை, சிறிய பாத்திகளிலும் பெரிய பாத்திகளிலும் வளர்த்துப் பார்த்தார்கள். கொழுப்பு செல்லாகவும் எலும்பு செல்லாகவும் மாறத் தூண்டும் பொருள்கள் இரண்டும் ஒரே ஊடகத்தில் கலந்திருந்தும், சிறிய பாத்தியில் இருந்தவை கொழுப்பின் பக்கமும், பெரிய பாத்தியில் இருந்தவை எலும்பின் பக்கமும் சாய்ந்தன.

பரப்பின் மேடுபள்ளமும் செல்லுக்குப் புரியும். நீண்ட பள்ளங்கள் வெட்டிய பாலிமரில் செல்கள் உழவு சாலைப் பிடித்து நடப்பதுபோல நீள்வாக்கில் அடுக்கிக்கொள்ளும். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. செல் வளர்ப்பின் முன்னோடியான ராஸ் ஹாரிசன், 1914இலேயே சிலந்தி வலை இழைகளின்மேல் கருச்செல்கள் இழையைப் பற்றிக்கொண்டே நகர்வதை எழுதிவைத்திருக்கிறார். பரப்பின் விறைப்பும் அப்படியே. 2006இல் ஆடம் எங்லரும் டென்னிஸ் டிஷ்சரும் பாலிஅக்ரிலமைடு கூழ்களின் விறைப்பை மட்டும் மாற்றி, மேலே கொலாஜன் என்ற ஒரே புரதத்தைப் பூசி, ஒரே குருத்தணுக்களை வளர்த்தார்கள். மூளையளவு மென்மையான கூழில் அவை நரம்பு செல்லின் சாயலையும், தசையளவு விறைப்பில் தசையின் சாயலையும், இன்னும் விறைத்த கூழில் எலும்பின் சாயலையும் காட்டின. நாம் தினமும் பயன்படுத்தும் பாலிஸ்டைரீன் தட்டு, மூளைத் திசுவைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் விறைப்பானது. தட்டில் வளரும் நரம்பு செல்லிடம் நாம் கேட்டறியும் எதையும் இதை மனத்தில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் செல்லைப் பிடித்து வைக்கும் வழிகள். எடுக்கும்போது என்ன செய்வது? வழக்கமான வழி டிரிப்சின். கணையத்தில் சுரக்கும், புரதத்தை வெட்டும் நொதி அது. தட்டில் ஊற்றிச் சில நிமிடம் வைத்தால் அடியில் இருக்கும் பிடியை வெட்டிவிடும். ஆனால் அதற்கு வேண்டியது, வேண்டாதது தெரியாது. செல்லுக்கும் செல்லுக்கும் இடையே உள்ள கோர்ப்புகளையும், சவ்வின்மேல் இருக்கும் புரதங்களையும் சேர்த்தே வெட்டும். செல்களை எண்ணி வேறு தட்டுக்கு மாற்றுவதற்கு அது போதும். பல நாள் காத்திருந்து, செல்கள் ஒன்றோடொன்று கைகோத்து முழுத் தகடாக வளர்ந்திருக்கும்போது, அந்தத் தகட்டையே எடுத்து நோயாளிக்கு வைக்க வேண்டுமென்றால் டிரிப்சின் கைகொடுக்காது. நெய்து முடித்த துணியை நூல் நூலாகப் பிரித்து எடுப்பது போலாகிவிடும்.

டோக்கியோ பெண்கள் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் டெருவோ ஒகானோ குழு இதற்கு 1990இல் வெளியிட்ட தீர்வு ஒரு பாலிமர். பாலி-ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு என்பது பெயர், ஆய்வகங்களில் சுருக்கமாகப் பிநிபாம். இதன் குணத்தைச் சோதனைக் குழாயிலேயே பார்க்கலாம். குளிர்ந்த தண்ணீரில் கரைத்தால் கரைசல் தெளிவாக இருக்கும். குழாயை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் சட்டென்று பால்போல வெளுக்கும். மறுபடி குளிரவைத்தால் தெளியும். எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். சூடுபடுத்தினால் கரையும் பொருள்களையே பார்த்துப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். 32 டிகிரிக்குக் கீழே பிநிபாம் சங்கிலி தண்ணீர் மூலக்கூறுகளைப் பற்றிக்கொண்டு நீண்டு கிடக்கிறது. அதைத் தாண்டியதும் தண்ணீரை உதறிவிட்டுச் சுருண்டு கொள்கிறது. உடல் வெப்பமான 37க்கு மிக அருகில் இந்த எல்லை அமைந்திருப்பது நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு.

இந்தப் பாலிமரைத் தட்டில் ஒட்டவைக்க, அதன் மூலப்பொருளைப் பாலிஸ்டைரீன்மேல் பரப்பி எலக்ட்ரான் கற்றையால் தாக்குகிறார்கள். அது அங்கேயே பாலிமராகி, தட்டோடு வேதிப் பிணைப்பாலும் இணைந்துவிடுகிறது. தடிமன் இங்கே உயிரான விஷயம். 15 முதல் 20 நானோமீட்டர் இருந்தால், 37 டிகிரியில் செல் ஒட்டும், குளிரவைத்தால் விடும். 30 நானோமீட்டரைத் தாண்டினால் 37 டிகிரியிலும் செல் ஒட்டாது. அடியில் உள்ள பாலிஸ்டைரீன், தன்னை ஒட்டியிருக்கும் சங்கிலிகளின் அசைவைக் கட்டுப்படுத்தித் தண்ணீரை விலக்கச் செய்கிறது. படலம் தடித்தால் அந்தக் கட்டுப்பாடு மேல்மட்டம் வரை எட்டுவதில்லை. வெறும் கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் தெரியாத பத்துப் பதினைந்து நானோமீட்டரில் ஒரு தட்டு பயனுள்ளதாகவோ பயனற்றதாகவோ ஆகிவிடுகிறது.

வேலை செய்யும் தட்டில் நடப்பது இது. 37 டிகிரியில் பிநிபாம் சுருண்டிருக்கும்போது புரதப் பாய் விரிகிறது, செல்கள் வந்து ஒட்டித் தகடாக வளர்கின்றன. தட்டை இன்குபேட்டரிலிருந்து எடுத்து 20 டிகிரியில் வைக்கிறார்கள். சங்கிலிகள் தண்ணீரைக் குடித்து நிமிர்கின்றன. பாய்க்கும் தட்டுக்கும் இடையே தண்ணீர் புகுகிறது. அரை மணி நேர அளவில் தகட்டின் ஓரம் வெளிறிச் சுருண்டு எழும். பிறகு அந்தச் சுருள் உள்நோக்கி நகர, மொத்தத் தகடும் ஒரே படலமாகக் கழன்று மிதக்கும். கழலும்போது சுருங்கவும் செய்யும். ஏனென்றால் ஒவ்வொரு செல்லும் உள்ளே இழுவிசையோடுதான் இருந்தது. அதனால் ஒரு மெல்லிய தாங்கு சவ்வை மேலே வைத்து எடுப்பார்கள். கழல்வதில் செல்லும் பங்கெடுக்கிறது. செல்லின் ஆற்றல் உற்பத்தியைச் சோடியம் அசைடு கொண்டு தடுத்துவிட்டால் குளிரவைத்தும் செல் சரியாகக் கழல்வதில்லை. பாலிமர் பிடியைத் தளர்த்துகிறது, கையை எடுப்பது செல்.

இதே போன்ற வெப்பத்துக்கு இசையும் பாலிமர் பூச்சுகளைத் திருவனந்தபுரத்தில் இருக்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்திலும் உருவாக்கி, கருவிழி செல்களை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். கருவிழியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கருவிழியின் விளிம்பில் இருக்கும் குருத்தணுக்கள் அமிலமோ சுண்ணாம்போ பட்டு அழிந்துபோனால், அதன் மேற்தோல் மறுபடி வளராது. பக்கத்திலிருந்து வெண்படலம் படர்ந்து பார்வையை மூடிவிடும். ஒரு கண் மட்டும் போயிருந்தால் மற்றதிலிருந்து எடுத்து வைக்கலாம். இரண்டும் போனவர்களுக்கு என்ன வழி?

2004இல் ஜப்பானில் கோஜி நிஷிடாவின் குழு, அப்படிப்பட்ட நான்கு நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையை வெளியிட்டது. நோயாளியின் கன்னத்தின் உட்புறத்திலிருந்து 3 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர் அளவில் வாய்த்தோலை எடுத்தார்கள். பிநிபாம் தட்டில் இரண்டு வாரம் வளர்த்தார்கள். 20 டிகிரிக்குக் குளிரவைத்து, தகடாகக் கழற்றி, வெண்படலத்தை நீக்கிய கருவிழியின்மேல் விரித்தார்கள். நான்கு பேருக்கும் கருவிழி தெளிந்து பார்வை மேம்பட்டது. அந்தத் தகட்டைக் கண்ணில் பொருத்த ஒரு தையல்கூடப் போடவில்லை. டிரிப்சின் படாததால், செல்கள் தட்டில் இருந்த நாள்களில் தம் அடியில் சேர்த்து நெய்திருந்த புரதப் பாயும் தகட்டோடு சேர்ந்தே வந்திருந்தது. கண்ணில் வைத்த சில நிமிடங்களில் அந்தப் பாயே ஒட்டிக்கொண்டது.